காற்று வந்த வீடும் தண்ணீர் வந்த வீடும்

வீட்டுத் தரகனுக்கு மூலதனம் ஒரு சைக்கிளும், எந்த வீட்டை முதலில் காட்டுவது என்கிற ஞானமும்தான். எழுபதுகளில் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று டயர் தேயத் தேய நான் செய்த தொழில் அது. அந்த நாளில் வாடகை வீடு தேடி வெயிலில் அலைந்தவரா நீங்கள்? "எத்தனை குழந்தைங்க? வீட்டுக்கு விருந்தாளி ஜாஸ்தி வருவாங்களா?" என்று வீட்டுக்காரர் வைத்த பரீட்சையில் திருதிருவென்று முழித்தவரா? அப்படியானால் உட்காருங்கள், நீங்கள் நம்ம ஆள். உங்கள் வயிற்றெரிச்சலில் பாதி என்னைத் திட்டித்தான் தீர்ந்திருக்கும். பரவாயில்லை, எனக்குப் பழக்கம்தான்.

மூன்றாவது வீடு

தொழில் ரகசியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் ஒரு பாழடைந்த வீட்டைக் காட்ட வேண்டும். கூரை ஒழுகும், கக்கூஸுக்குக் கதவு இருக்காது. அடுத்தது அதைவிடக் கேவலமாக ஒன்று. அதற்கப்புறம் சுமாரான ஒரு வீட்டின் பூட்டைத் திறந்தால் போதும், ஆளுக்கு அரண்மனையாகத் தெரியும்.

மந்தைவெளியில் ஒரு மாடிப் போர்ஷன் இப்படித்தான் போயிற்று. சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். வந்தவர் புதிதாகக் கல்யாணமான ஒரு பாங்க் குமாஸ்தா. காலையிலிருந்து இரண்டு பாழ் வீடுகளை ஏறி இறங்கிக் களைத்துப் போயிருந்தவர், இந்த வீட்டுக்குள் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்ளோ நல்ல வீட்டை வெச்சுக்கிட்டு ஏன் சார் எங்களைச் சுடுகாட்டுக்கெல்லாம் கூட்டிட்டுப் போனீங்க?"

அதே வீடு

குமாஸ்தாவுக்கு மாற்றலாகி அந்தப் போர்ஷன் மறுபடி காலியாயிற்று. இந்தத் தடவை வந்தவர் ரிட்டயர்டு அதிகாரி. வேலையில் இருந்தவரை அரசாங்க பங்களாவில், மாமரமும் தோட்டக்காரனுமாக வாழ்ந்த மனுஷர். நானும் விடவில்லை, அதே இரண்டு பாழ் வீடுகளை முதலில் காட்டிவிட்டுத்தான் இங்கே கூட்டி வந்தேன். ஆனால் ஆயுசு முழுக்க இருந்த பங்களாவை என் பாழ் வீடுகள் என்ன செய்துவிடும்? அவர் மனசிலிருந்த அளவுகோல் அசையவே இல்லை. கூட வந்த சம்சாரம் படியே ஏறவில்லை. அவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டு கேட்டார். "ஏன்யா, இதுல மனுஷா இருப்பாளா, இல்லே விறகு அடுக்கறதுக்கா?"

செல்லம்மாவுக்கு ஒரு ஜன்னல்

இதுவரை சொன்னது சிரிக்கிற கதை. இனிமேல் சொல்லப்போவதை நான் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

சண்முகம் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாள். திருநெல்வேலிப் பக்கம். அவன் பெண்டாட்டி செல்லம்மாவுக்கு இழுப்பு. மழைக்காலம் வந்தால் மூச்சு விட முடியாமல் உட்கார்ந்தே தூங்கும் பெண். டாக்டர் மருந்தை எழுதிவிட்டு, "முதல்ல காத்தோட்டமான வீட்டுக்குப் போங்க, இல்லேன்னா பிழைக்கிறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டாராம். அப்போது அவர்கள் இருந்தது மந்தைவெளியில் ஒரு ஸ்டோரில். வரிசையாக ஒன்பது குடித்தனம், எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழாய். மெட்ராஸில் தண்ணீர்ப் பஞ்சம் தாண்டவமாடிய வருஷங்கள். விடிவதற்கு முன் குடத்தை வரிசையில் வைக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் அடுத்தவள் தள்ளி வைத்துவிடுவாள். அந்தக் குழாயடியில் செல்லம்மா வாங்காத ஏச்சு இல்லை.

அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்ததும் என் வித்தையைத் தூரப் போட்டேன். பாழ் வீடு ஏதும் காட்டாமல் நேரே அடையாறுக்குக் கூட்டிப் போனேன். மாடி வீடு, இரண்டு பக்கமும் ஜன்னல், குப்பத்துப் பக்கமிருந்து கடல்காற்று சும்மா பிய்த்துக்கொண்டு வரும். கையடி பம்பு மட்டும் கீழே, வீட்டுக்காரம்மாவுக்கும் இவர்களுக்கும் பொது. "படியேற வேண்டாம்மா, எங்க வேலைக்காரி ரெண்டு வாளி மேல கொண்டுவந்து ஊத்திடுவா" என்று அந்த அம்மாள் தானாகவே சொன்னார். வேறு யார் சொல்வார்கள்? செல்லம்மா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. பம்பையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, இன்னைக்கு ஊத்துவாங்க. நாளைக்கு மனசு கோணுச்சுன்னா?"

தண்ணீர் கொட்டிய வீடு

சரி, கெட்டதைப் பார்த்தால்தானே நல்லதின் அருமை தெரியும் என்று ஒரு யோசனை வந்தது. மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள், யாருக்கும் பிடிக்காமல் மாசக்கணக்காகப் பூட்டிக்கிடந்த பின்கட்டு வீட்டைத் திறந்து காட்டினேன். பகலிலேயே லைட் போட வேண்டும். சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். இருந்த ஒரே ஜன்னல் கக்கூஸ் சந்தைப் பார்த்தபடி. இதைப் பார்த்துவிட்டு அடையாறுக்கே ஓடிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

அந்த வீடு பள்ளத்தில் இருந்ததால் சமையலறைக் குழாயில் தண்ணீர் தானாகவே வரும். செல்லம்மா அதைத் திருகினாள். கொட்டியது. மூடினாள், மறுபடி திறந்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அம்மா, இது உங்களுக்குன்னு காட்டலம்மா, வித்தியாசம் தெரியட்டும்னுதான் காட்டினேன். இங்க காத்தே வராது, டாக்டர் சொன்னதை யோசிங்க" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். சண்முகமும் கெஞ்சினான். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "இத்தனை வருசம் ஒரு கொடம் தண்ணிக்கு எத்தனை பேச்சு வாங்கியிருக்கேன்னு உங்களுக்குத் தெரியாதுண்ணே. எனக்கு இதுதான் வீடு."

நேற்றைக்கு இன்று

அடுத்த மழைக்காலத்தில் அடையாறு வீடு மீண்டும் காலியானதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர்ச் சந்துக்கு ஓடினேன். செல்லம்மா பாதியாகியிருந்தாள். காற்றுக்காக வாசற்கதவோரம் உட்கார்ந்திருந்தாள். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது. ஆனால் என்ன உபசாரம்! சொம்பு நிறையத் தண்ணீர் தந்தாள், நான் குடித்து முடித்ததும் இன்னொரு சொம்பு நீட்டினாள். தினம் இரண்டு தடவை குளிக்கிறாளாம், அதைக் குழந்தை மாதிரிச் சொல்லிக்கொண்டாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. ஸ்டோரில் இருந்தபோதுகூட அவள் இவ்வளவு மோசமாக இல்லை என்பது எனக்குக் கண்கூடு. அவளோ இன்றைய மூச்சை நேற்றைய மூச்சோடு மட்டும்தான் ஒத்துப் பார்த்தாள். அடையாறு வீட்டுப் பேச்சை எடுத்தவுடன் தலையை ஆட்டிவிட்டாள். "எதுக்குண்ணே அலைச்சல்? நேத்தைக்கு இன்னைக்குத் தேவல."

சண்முகம் வந்தான்

அந்த மழை முடிவதற்குள் செல்லம்மா போய்விட்டாள். எனக்குச் செய்தி தெரியவே பதினைந்து நாளாயிற்று. கேட்ட அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்கு நடந்தேன். உறவுமுறை இல்லாத பெண்ணுக்காக நான் அழுதேன் என்று என் வீட்டில் யாரும் நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்முகம் என்னைத் தேடி வந்தான். வீட்டைக் காலி செய்கிறானாம். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திட்டப் போகிறான், வாய்க்கு வந்தபடி திட்டட்டும், அப்போதாவது என் பாரம் குறையும் என்று பார்த்தேன். அவன் திட்டவில்லை. சாவியை என் கையில் வைத்துவிட்டு, என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "என்னைக் கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து அவ சந்தோசமா இருந்தது அந்த வீட்டுலதான் அண்ணாச்சி. நல்ல வீடு பாத்துக் குடுத்தீங்க. எங்க கடையில ஒருத்தனுக்குக் கல்யாணம் ஆகப்போவுது, அவனுக்கும் அதையே பேசி முடிச்சுக் குடுங்க."

எது நல்ல வீடு என்று ஊருக்கெல்லாம் காட்டித் திரிந்தவன், இன்று யாராவது வந்து கேட்டால் "இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?" என்று மட்டும் விசாரித்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்.