என் கதாநாயகன் செத்தபோது சிரித்தார்கள்

இரண்டு வாரத்துக்கு முன் என் நாடகத்தின் கதாநாயகன் ஷாக் அடித்துச் செத்தான். அரங்கம் சிரித்தது.

நகைச்சுவை நாடகம் இல்லை ஐயா... சோகம். கலப்படமில்லாத சோகம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு சின்ன மண்டபத்தில், ஞாயிறு விடுமுறையில் வரும் ஊழியர்களுக்காக இலவச முன்னோட்டம். அடுத்த ஞாயிறு அங்கேயே அரங்கேற்றம். கடைசிக் காட்சியில் கண்ணீர் வராவிட்டால் என் ஆறு மாத உழைப்பு அம்பேல்.

காட்சி இதுதான். ஆங் மோ கியோவில் ரிப்பேர் பட்டறை வைத்திருப்பவன் நாயகன். மனைவி மதியச் சாப்பாட்டோடு வருகிறாள். அவன் கையில் கரண்ட் வயர், உடம்பு உதறுகிறது. அவள் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒன்றரைப் பக்க வசனம் பேசுகிறாள். விதி, வானம், தாலி – ஒன்றையும் நான் விட்டுவைக்கவில்லை. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வசனத்தின் முதல் வரிகூட முடியவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அக்கா, தொடாதீங்க. நீங்களும் போயிடுவீங்க."

அவ்வளவுதான். விதியும் வானமும் சிரிப்பில் மூழ்கின.

நாடகம் முடிந்ததும் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் என்னைத் தேடி வந்தார். பெயர் முருகேசன். தொழில், எலெக்ட்ரீஷியன். கூட வந்த எட்டுப் பேருக்கும் அதே தொழில். என் ராசி அப்படி.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். மெயினை ஆஃப் பண்ணாம யாராச்சும் ஆளைத் தொடுவாங்களா? அதுவுமில்லாம இந்த ஊர்ல அவரு சாகவே மாட்டாரு. அதுக்குள்ள சேஃப்டி சுவிட்ச் ட்ரிப் ஆகி கரண்ட் தானா நின்னுடும்."

ஆக, நான் சாகடித்தவன் சாகவில்லை. சாகாதவனைக் கட்டிப்பிடித்தவள் செத்திருப்பாள். நல்ல நாடகம்!

வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? இதை என்னிடம் ஏற்கெனவே ஒருவர் சொல்லியிருந்தார். மனைவியாக நடிக்கும் சாந்தி. செங்காங்கில் வீடு, கிளினிக் ஒன்றில் வேலை, மற்ற நேரமெல்லாம் கோர்ஸ். கேக் செய்வது, சைகை மொழி, சரக்குத் தூக்கும் போர்க்லிஃப்ட் ஓட்டுவது, வீட்டு வயரிங்... எதையும் விட்டதில்லை. 'போர்க்லிஃப்ட் ஓட்டத் தெரிந்த ஒரே கதாநாயகி' என்று நான்தான் ஊரெல்லாம் கிண்டலடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஒத்திகையிலேயே சொன்னார். "அண்ணா, கரண்ட் இருக்கும்போது தொட்டா எனக்கும் அடிக்கும் லா. கோர்ஸ்ல முதல் பாடமே அதுதான்."

"நீங்க நடிகையா, எலெக்ட்ரீஷியனா?" என்று கேட்டேன். என்ன மேதாவித்தனம்! குழுவே சிரித்தது. சாந்தி போய், நான் எழுதியபடியே கணவனைக் கட்டிப்பிடித்தார்.

நாம் அப்படித்தானே? கலைஞன் என்றால் கலை மட்டும் தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் உத்வேகத்தில் வந்துவிடும்! நம் மேடை டாக்டர்களைப் பாருங்கள். எந்த நோய்க்கும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். நம் மேடை வக்கீல்கள் மேசையைத் தட்டியே கேஸ் ஜெயிப்பார்கள். எழுதியவர் கிளினிக்குக்குப் போனால் தன் நம்பரைக் கூப்பிடுகிறார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்திருப்பார். நான் எழுதிய டாக்டர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

திங்கட்கிழமை சாந்திக்குப் போன் செய்தேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் ஃபைலோடு வந்தார். ஆம், கோர்ஸ் ஃபைல்.

"அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு அந்த சேஃப்டி சுவிட்சை அவரே கழட்டிப் போட்டிருக்கட்டும் அண்ணா. நான் அவர்கிட்ட ஓடக்கூடாது. மெயின் எங்க இருக்கோ அங்க ஓடணும்."

போன ஞாயிறு அரங்கேற்றம். முருகேசன் கோஷ்டி அதே மூன்றாவது வரிசையில்.

கணவன் துடிக்கிறான். சாந்தி ஓரடி முன்னால் வைத்தார். நின்றார். பிறகு அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினார். தொட ஆசைப்படும் கைகளை மார்போடு இறுக்கிக்கொண்டு ஓடினார். மூன்றாவது வரிசை முணுமுணுத்தது: "மெயினு... மெயினு..."

மெயினை இழுத்தார். மேடை முழுக்க இருட்டு. ஒன்றரைப் பக்க வசனம் போய், அந்த இருட்டில் ஒரே ஒரு வார்த்தை.

"என்னங்க?"

பதில் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. திரைக்குப் பின்னால் நான் அழுதேன். இந்த முறை என் வசனத்துக்காக அல்ல.

நாடகம் முடிந்ததும் ஒரு பெரிய மனிதர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மனைவியை எதிர்ப்பக்கம் ஓடவிட்டீங்களே... என்ன கற்பனை சார் உங்களுக்கு!"

நான் அடக்கத்தோடு தலை குனிந்தேன். பக்கத்தில் மேக்கப்பைத் துடைத்துக்கொண்டிருந்த சாந்தி நிமிராமலே சொன்னார்.

"ஆமா அண்ணா. அந்தக் கற்பனைக்கு சர்ட்டிஃபிகேட் என் பையிலதான் இருக்கு லா."