கலைக்கூடத்துக்கு ஆள் சேர்க்கிறேன்

கலைக்கூடத்துக்குப் பொதுமக்களை அழைத்துவரும் பணியில் சேர்ந்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஓர் உண்மை விளங்கிவிடும்: எங்கள் கட்டடத்தில் மக்கள் மெய்மறந்து அனுபவிப்பது குளிர்சாதனத்தைத்தான். இரத்ததான முகாமுக்கும் காப்பீட்டுக் கூட்டத்துக்கும் ஆள் திரட்டி நொந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

அடையாறில் உள்ள ஒரு தனியார் கலைக்கூடத்தில் நான் சமூகத் தொடர்பாளர். குடியிருப்போர் சங்கம், தேவாலயப் பங்கு மாதர் அமைப்பு, சுயஉதவிக் குழு என்று தேடிப்பிடித்து, வேன் அனுப்பி வரவழைத்து, எங்கள் சேகரிப்பை அறிமுகப்படுத்துவது என் வேலை. வருகிறவர்கள் எதன்முன்னும் நிற்பதில்லை என்பது இயக்குநரின் தீராத புகார். புதிய செப்புத் திருமேனிக் கண்காட்சியிலும் இதே கதை நடந்தால் வேனை நிறுத்திவிட்டு, என்னை நினைவுப்பொருள் கடையில் உட்காரவைக்கப்போவதாக அவர் அறிவித்துவிட்டார். காந்த ஒட்டியிலும் சாவிக்கொத்திலும் நடராசர் ஆடும் கடை அது.

நடை

முதலில் வந்தது தியாகராய நகர் ஓய்வுபெற்றோர் குழு. பூங்காவில் காலைதோறும் நடப்பவர்கள். முதல் ஓவியத்தின் அருகே நின்று, ஒளியும் நிழலும் அதில் எவ்வாறு இயங்குகின்றன என்று நான் தொடங்கினேன். சற்று நேரத்தில் என் குரலைத் தவிர வேறு ஓசை இல்லை. திரும்பிப் பார்த்தால், அனைவரும் கைகளை வீசியபடி கூடத்தின் மறுகோடியில் வளைந்துகொண்டிருந்தார்கள். சுற்றி வந்து என்னையும் ஓவியத்தையும் கடந்து சென்றார்கள். குழுத் தலைவர் வரதராஜன் மட்டும், மரியாதை கருதி, நின்ற இடத்திலேயே கால் மாற்றி நடைபோட்டபடி சொன்னார்:

"நீங்க பேசிண்டே இருங்கோ, நாங்க இன்னொரு ரவுண்டு போயிட்டு வந்துடறோம். வெயில் படாம நடக்க இப்படி ஒரு இடம் இருக்குன்னு இத்தனை நாள் யாரும் சொல்லலை பாருங்கோ."

மதிப்பெண்

சாந்தோமிலிருந்து வந்த பங்கு மாதர் குழுவினர் ஏறக்குறைய அனைவரும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள். ஓவியத்தின் பொருளை நாமே சொல்லிவிடக் கூடாது, பார்ப்பவரிடம் கேட்க வேண்டும் என்பது எங்கள் பயிற்சியின் முதல் விதி. அவ்விதியின்படி, ஒரு பெரிய அரூப ஓவியத்தைக் காட்டி, "இதில் உங்களுக்கு என்ன தெரிகிறது?" என்று கேட்டேன். நான் பாடம் தயாரிக்காமல் வகுப்புக்கு வந்துவிட்டேன் என்று அவர்கள் உடனே முடிவுசெய்தது முகங்களில் தெரிந்தது.

பிறகு வகுப்பை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில் விளிம்பு தாண்டி வண்ணம் பூசப்பட்டிருந்தது. இன்னொன்றில் பாதித் தாள் வீணடிக்கப்பட்டிருந்தது. அரூப ஓவியத்தின்முன் மட்டும் பிலோமினா டீச்சர் கனிந்தார். வரைந்தவர் மறைந்து பல்லாண்டுகள் ஆயின என்று நான் சொன்னதை அவர் பொருட்படுத்தவில்லை.

"பாவம், முப்பத்தஞ்சு போட்டு மேல அனுப்பிடலாம். ஃபெயில் ஆக்கினா திரும்ப நம்ம வகுப்புலதான் வந்து உட்காருவான்."

முதுகு

செப்புத் திருமேனிகளைப் பார்க்கப் பெரும்பாக்கத்திலிருந்து செல்வியின் சுயஉதவிக் குழு வந்தது. ஆற்றோரக் குடிசைகளில் எங்கள் கலைக்கூடத்துக்கு அண்டை வீட்டாராக இருந்து, அகற்றப்பட்டு, ஊருக்கு வெளியே அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள். இயக்குநரும் பார்வையிட வந்து நின்றார்.

கதவைத் திறந்தேன். நடுவில், நாற்புறமும் விளக்கொளி பட, வார்த்தெடுத்த கோலத்திலேயே ஓர் அம்மன். உள்ளே வந்த பெண்கள் ஒரே நேரத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். கோயிலில் பட்டும் மாலையுமாக முகமும் கையும் மட்டும் தெரியக் காண்கிற தெய்வத்தை அப்படி நிறுத்திவைத்ததை அவர்களால் பொறுக்க முடியவில்லை. சிற்பி வடித்த இடைவளைவு பற்றி நான் ஆயத்தம் செய்திருந்த உரைத்தாளை மடித்து வைத்துக்கொண்டேன். சுவரிலிருந்த தீயணைப்புக் கருவியைப் பார்த்தபடியே செல்வி பேசினாள்:

"இன்னா மேடம் இது? குளிக்கிற எடத்துல கதவத் தொறந்து வுட்டுட்டு, வந்து பாருன்னு கூப்டுக்கினு கீறீங்க. மொதல்ல அம்மாவுக்குத் துணி கட்டுங்க, அப்பால வர்றோம்."

திரை

இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத் தருவதாக இயக்குநர் சொன்னார். ஒரு பட்டுத் துணி சாத்தலாமா என்று சிலைப் பராமரிப்பாளரிடம் கேட்டேன். திருமேனிமீது வடை பொரிக்க அனுமதி கேட்டதுபோல் பதறினார். துணியும் பூவும் உலோகத்தைத் தொடக் கூடாதாம். முடிவில், அம்மனுக்கு முன்னால் ஒரு திரையைத் தொங்கவிட்டு, பக்கத்தில் காட்சிக்கு வைத்திருந்த பழைய செப்பு விளக்குகளையாவது செல்வியின் குழுவினருக்குக் காட்டுவது என்று ஏற்பாடாயிற்று.

வந்தார்கள். விளக்குகளை ஒருத்தியும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. திரையைக் கண்டதும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வரிசையாகத் தரையில் அமர்ந்தார்கள். திரை போட்டிருந்தால் உள்ளே அலங்காரம் நடக்கிறது. விலகும்வரை காத்திருக்க வேண்டும். எந்தக் கோயிலிலும் அதுதானே வழக்கம்? கைபேசி எடுப்பாரில்லை, பேச்சில்லை, பார்வை திரையைவிட்டு நகரவில்லை. வேன் ஓட்டுநர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அவரும் உட்கார்ந்துவிட்டார். இயக்குநர் நெகிழ்ந்துபோனார். பார்ப்பது என்றால் இதுதான் என்று என் காதில் சொல்லி, வேன் தொடர்ந்து ஓடும் என்றும் உறுதியளித்துவிட்டுப் போனார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. குனிந்து, உள்ளே அலங்காரம் எதுவும் நடக்கவில்லை, திரை திறக்கப்போவதில்லை என்று செல்வியிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தொறக்கறப்போ தொறக்கட்டும் மேடம், நீ சும்மா குந்து. எங்க ஏரியாவுல பஸ்ஸுக்கே இத்தவிட ஜாஸ்தி நேரம் காத்துக்கினு கீறோம்."

ஆகவே, எங்கள் கலைக்கூடத்தின் சேகரிப்பு முழுவதிலும் பொதுமக்களால் மிக நீண்ட நேரம் உற்றுநோக்கப்பட்ட பொருள், ரங்கநாதன் தெருவில் நான் பேரம் பேசி வாங்கிய மெரூன் நிறத் திரைச்சீலை ஒன்றே என்பதைத் துறைசார்ந்த பெருமிதத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.