தியாகி, கோபிச்செட்டிபாளையம் பிராஞ்ச்

என்னோடு படித்த ஈதனைப் பார்த்து எனக்கு வயிறு எரியாத நாள் கிடையாது. அவனிடம் நாய் இருந்தது, மரத்தின் மேல் கட்டிய குட்டி வீடு இருந்தது, டிபன் பாக்ஸைத் திறந்தால் யாரும் மூக்கைப் பிடிக்காத சாப்பாடு இருந்தது. இதையெல்லாம் எப்படியோ பொறுத்துக்கொண்டேன். அவனுக்குச் சொந்தமாக ஒரு கல்லறையும் உண்டு என்று தெரிந்த அன்றுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. கலிஃபோர்னியாவில் டப்ளின் என்ற ஊரில் இருந்தோம். மே மாதக் கடைசியில், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை, எங்கள் சாரணர் குழுவைப் பாலம் தாண்டி ராணுவக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனார்கள். ஒவ்வொரு கல்லின் முன்னும் ஒரு சின்னக் கொடி நட வேண்டும். குதிகாலைக் கல்லோடு ஒட்டி வைத்து, ஷூவின் நுனி முடிகிற இடத்தில் குத்த வேண்டும். பெரியவர்களின் கால் அளவுக்கு ஏற்பட்ட விதி அது. நான் நட்ட கொடிகள் எல்லாம் கல்லிடம் ரகசியம் சொல்வதுபோல் ஒட்டிக்கொண்டு நின்றன.

அம்மாவுக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை.

"சாவே விழாம சுடுகாட்டுக்கு யாராவது டூர் போவாங்களா? திரும்பி வந்து கராஜ் வாசல்லயே நில்லுங்க. தலைக்கு ஊத்திக்காம ஒருத்தரும் உள்ள வரக் கூடாது."

அப்பா தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்து, ஜன்னல் வழியாக ஆளில்லாத தெருவைப் பார்த்து அலுத்துப்போயிருந்த பெரியப்பா, "மனுச நடமாட்டம் இருந்தாச் செரி, சுடுகாடா இருந்தா என்ன" என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

புல்வெளி முழுக்க வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக நின்றன. அப்பா ஆபீஸ் போனில் பேசிக்கொண்டே வண்டியிலேயே தங்கிவிட்டார். ஈதன் ஒரு கல்லின் முன் நின்று கொடியை நட்டு சல்யூட் அடித்தான். அவனுடைய கொள்ளுத் தாத்தாவின் கல்லாம். குழுத் தலைவர் அவன் தோளில் கை வைத்தார். பிள்ளைகள் எல்லோரும் வரிசையில் நின்று சல்யூட் அடித்தோம். முதல் டோனட்டும் அவனுக்குத்தான்.

நான் அவசரமாக எங்கள் குடும்பத்தை யோசித்துப் பார்த்தேன். மண்ணுக்குள் ஒருவர்கூட இல்லை. ஒருவர் விடாமல் எரித்திருக்கிறார்கள். பெயர் செதுக்கிய ஒரு கல்லுக்குக்கூட வழி பண்ணாத வம்சத்தில் வந்து பிறந்திருக்கிறேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

அப்போது தலைவர் கேட்டார்: நாட்டுக்காகப் போராடியவர்கள் வேறு யார் வீட்டிலாவது உண்டா?

நான் யோசிக்கும் முன்பே என் கை உயர்ந்துவிட்டது. உண்டே! அப்பா தன் அண்ணனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா உடனே, "ஆமா, உங்க அண்ணன் பெரிய தியாகி! நடு ஹால்ல சிலை வைங்க" என்பாள். தியாகி என்றால் ஃப்ரீடம் ஃபைட்டர் என்று ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஆன்ட்டி சொல்லிக் கொடுத்திருந்தார். பெரியப்பா அதைப் பற்றி வாயே திறக்காததை அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

"மை அங்கிள் இஸ் எ ஃப்ரீடம் ஃபைட்டர்" என்று கத்தினேன்.

தலைவர் முன்னாள் ராணுவக்காரர், ஆறடிக்கு மேல் உயரம். பெரியப்பாவின் முன்னால் வந்து தொப்பியைக் கழற்றி விறைப்பாக நின்றார்.

"தேங்க் யூ ஃபார் யுவர் சர்வீஸ், சர்."

பெரியப்பா கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சர்வீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"தர்ட்டி நைன் இயர்ஸ், சார். ரிட்டயர்டு."

"விச் பிராஞ்ச்?" தரைப்படையா கடற்படையா என்கிறார் அவர்.

"கோபிச்செட்டிபாளையம் பிராஞ்ச்."

ஏதோ மலைப்படை என்று நினைத்திருக்க வேண்டும். மரியாதையோடு தலையசைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, சண்டையை நேரில் பார்த்ததுண்டா என்ற பொருளில், "டிட் யூ சீ எனி ஆக்‌ஷன்?" என்றார்.

ஏலத்துக்கும் ஆங்கிலத்தில் ஆக்‌ஷன்தானே, பெரியப்பாவின் காதில் அது ஏலம் என்று விழுந்தது. மீட்க முடியாத அடகு நகைகளை ஏலம் விடுவது வங்கியில் அவர் பொறுப்பு. முகம் வாடிவிட்டது.

"எவ்ரி மன்த், சார். லேடீஸ் கிரையிங். சில்ட்ரன் கிரையிங். வாட் டு டூ? ஆர்டர் இஸ் ஆர்டர்."

தலைவரின் கண் கலங்கிவிட்டது. பெரியப்பாவைக் கட்டிக்கொண்டார்.

அப்புறம் என்ன, பெரியப்பாவுக்கு மடக்கு நாற்காலி, காபி, இரண்டு டோனட், வரிசையாக சல்யூட். ஈதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. கஷ்டப்பட்டு ஒரு தியாகியைக் கொண்டுவந்து நிறுத்தியவன் நான், வரிசையின் கடைசியில் நின்றேன். இப்போது பொறாமைப்பட எனக்கு இரண்டு பேர்.

கூட்டம் விலகியதும் அவரிடம் போய், "பெரியப்பா, நீங்க செத்தா இங்கயே கல்லு வைக்கச் சொல்லலாமா? ஈதன் தாத்தா பக்கத்துல?" என்றேன்.

"எனக்கெதுக்கு சாமி கல்லு? எரிச்சுக் காவேரில கரைச்சுட்டாச் சோலி முடிஞ்சுது."

கைக்கு வந்த கல்லும் போயிற்று. வீட்டுக்கு வரும் வழியில் அழுதுகொண்டே அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் ஃப்ரீவேயில் எக்ஸிட்டைத் தவறவிட்டார்.

கராஜ் வாசலில் அம்மா தண்ணீர்க் குழாயோடு நின்றாள். நான் இறங்கியதும் முறையிட்டேன்.

"அம்மா, பெரியப்பா கல்லு வேண்டாங்கறாங்க! நீதானே சொன்னே, அவங்க பெரிய தியாகி, சிலை வைக்கணும்னு!"

அப்பாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. அம்மாவின் கையிலிருந்த குழாய் தன்பாட்டுக்கு வாசல் தரையை நனைத்துக்கொண்டிருந்தது. பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"அம்மிணி சொன்னாச் செரியாத்தான் இருக்கும். குழாயக் குடு அம்மிணி, குளுருது."

அன்று மத்தியானம் எனக்கென்று எடுத்து வைக்கும் முறுகல் தோசை அவர் தட்டுக்குப் போயிற்று. அம்மா உட்காரவே இல்லை. அவர் போதும் என்று சொல்லச் சொல்ல நெய்யை ஊற்றிக்கொண்டே இருந்தாள். காலேஜில் இடம் கிடைத்தும், தம்பி படிக்கட்டும் என்று பத்தொன்பது வயதில் அந்த வங்கியில் போய் உட்கார்ந்தவர் பெரியப்பா என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று என் கண்ணெல்லாம் தோசை மேலேயே இருந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் அப்பா எழுந்து, பெரியப்பாவின் எச்சில் தட்டை எடுத்துப்போய் சிங்க்கில் கழுவினார். தன் தட்டையே எடுக்காத மனிதர்.

"என் தட்டையும் எடுங்கப்பா" என்றேன்.

அவர் திரும்பவே இல்லை. கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். அங்கேயும் பெரியப்பாவுக்குத்தான் முதல் மரியாதை என்று நினைத்து, என் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனேன்.