என்ன குழந்தை பிறந்தது?

வீட்டு முன்னறையில் சின்னதாக அழகுநிலையம் நடத்தினாள்; புருவம் திருத்துவதில் அவளை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆளில்லை. நூலைப் பல்லில் கடித்து இழுத்தால், வலி தெரிவதற்குள் வேலை முடிந்திருக்கும். ஷாம்பூ டப்பாவில் மதுவை ஒளித்து வைத்துக் குடிக்கத் தொடங்கிய பிறகு கை உதறியது. பக்கத்துவீட்டு அக்கா ஒருநாள் கடைக் கண்ணாடியைப் பார்த்து அலறினாள்: "என்னடி இது, ஒரு புருவம் ஆச்சரியப்படுது, இன்னொண்ணு தூங்கி வழியுது?" காத்திருந்த பெண்கள் எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். பிறகு உள்ளே போய் மறுபடியும் குடித்தாள்.

குடியை விட அவள் சேரப்போன மறுவாழ்வு மையத்தின் படிவத்தில் 'மனைவியின் கையொப்பம்' என்றே அச்சடித்திருந்தது. கணவன் பேனாவோடு விழித்தான். "நான் உனக்குப் பொண்டாட்டியா?"

"ரெண்டு மாசம் சமைக்கப்போறது நீங்கதானே? போடுங்க."

தெருவுக்கு அவன் சொன்ன கதை வேறு: அவள் தன் தங்கையின் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருக்கிறாள்.

மையத்தில் முப்பது ஆண்கள், நான்கு பெண்கள். ஆண்களைப் பார்க்க மனைவிமார் வாராவாரம் வந்தார்கள். பெண்களைத் தேடி யாரும் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தியும், ஊர் பேசுகிறது என்று இன்னொருத்தியும் பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள். ஊருக்குத் தெரிந்தால் கடைக்கு யார் வருவார்கள் என்ற பயம் இவளுக்கும் இருந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

திரும்பிய அன்றே அக்கா வாசலுக்கு வந்துவிட்டாள். "என்னடி குழந்தை?"

"பையன்," என்றான் கணவன்.

"பொண்ணு," என்றாள் அவள், அதே நொடியில்.

"அடி ஆத்தி, ரெட்டையா!"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்தபோது பயம் போயிருந்தது. "பிரசவமும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. நான் குடிச்சிட்டிருந்தேன். வைத்தியத்துக்குப் போனேன். அறுபத்திரெண்டு நாளா தொடல."

அக்கா விறுவிறுவென்று தன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான்கு நாள் கடைப்பக்கம் ஈ காக்கை வரவில்லை. அவளோ தினமும் கடையைத் திறந்தாள், நாற்காலியைத் துடைத்தாள்.

ஐந்தாம் நாள் அக்கா வந்து உட்கார்ந்தாள். நூல் ஒரு இம்மி பிசகவில்லை. முடியும்போது மெல்லக் கேட்டாள்: "அங்க பொம்பளைங்களுக்குத் தனி ரூம் இருக்காடி? இருமல் மருந்து குடிக்காம எனக்குத் தூக்கமே வர்றதில்ல. மூணு வருஷமாச்சு."

"இருக்குக்கா. ஞாயித்துக்கிழமை பார்க்க நான் வரேன்."

மறுநாள் காலை கடையைப் பூட்டிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். கணவன் பின்னாலேயே ஓடிவந்தான். "தெருவுல கேட்டா என்ன சொல்ல?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்: "வைத்தியத்துக்குப் போறோம்னு சொல்லுங்க தம்பி!"