நாலாம் நம்பர் இன்னும் போகவில்லை

நான் கணிதம் படித்தவள். பேய், ஆவி, சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி கேட்டதும் எல்லோரும் என்னைப் பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால், நாங்கள் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தோம். மலையில் ஒளி பார்த்தேன், குகையில் குரல் கேட்டேன் என்று மெயிலில் பக்கம் பக்கமாக அடிக்கிற வெள்ளைக்காரர்களைத் தினமும் பார்த்தவள் நான். தலையை ஆட்டிவிட்டு, பிரிண்ட் வேண்டுமா என்று கேட்பேன். அவ்வளவுதான் என் ஈடுபாடு.

கடையில் வரிசையாகச் சின்னச் சின்னத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர், வாசல் பக்கம் என் மேஜையில் பெரிய மெஷின். யார் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று கணக்குப் பார்க்கிற புரோகிராமை என் மகள் நித்யாதான் எழுதிக் கொடுத்தாள். அவள் அப்போது சென்னையில் இன்ஜினியரிங் கடைசி வருடம், ஹாஸ்டலில் இருந்தாள். புரோகிராம் நன்றாகத்தான் ஓடும். ஆனால் எப்போதாவது நின்றுவிட்டால், மறுபடி தொடங்கும்போது தொடங்காது. அந்த இடம் இன்னும் உபயோகத்தில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். யாரும் இல்லை, எல்லாக் கம்ப்யூட்டரையும் துண்டித்தாகிவிட்டது, பிறகு யார் உபயோகத்தில்? வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டே உச்சுக் கொட்டுவார்கள், எனக்கு வயிறு எரியும்.

இதை ஒருநாள் போனில் அவளிடம் கத்தினேன். அவள் சிரித்தாள்.

"அம்மா, அது டைம் வெயிட்டும்மா. கனெக்‌ஷன மூடினாலும் சிஸ்டம் உடனே அந்த இடத்த வேற யாருக்கும் குடுக்காது."

"ஏன் குடுக்காது? போனவங்க போயிட்டாங்க இல்ல?"

"ரெண்டு பக்கத்து மெஷினும் போயிட்டு வரேன்னு சொல்லியாச்சு, சரி. ஆனா நாம கடைசியா சொன்ன பதில் அந்தப் பக்கம் போய்ச் சேந்துச்சான்னு நமக்கு எப்படித் தெரியும்? சேரலன்னா அவங்க திரும்பக் கேப்பாங்க. அப்ப பதில் சொல்ல ஒருத்தர் இருக்கணும் இல்ல? அதான் நிக்குது. அப்புறம், வழியில மாட்டிக்கிட்டது ஏதாச்சும் லேட்டா வந்தா, புதுசா உக்காந்தவங்க தலையில விழுந்துடக் கூடாது. கொஞ்ச நேரந்தான். நீ ஒரு டீ குடிச்சுட்டு வா, போயிடும்."

சொன்னபடியே போய்விடும். ஒரு கட்டளை கற்றுக் கொடுத்திருந்தாள். அதை அடித்தால், காத்துக்கொண்டிருக்கிற ஒவ்வொரு இணைப்பும் ஒரு வரியாகத் தெரியும். அடிக்க அடிக்க வரிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். எல்லாம் போனதும் புரோகிராம் எழுந்துகொள்ளும்.

அன்று பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமையும் கூட. காலையிலிருந்தே பஸ் பஸ்ஸாகக் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. நித்யா மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் வீட்டுக்கு வந்து மாதக்கணக்காகிவிட்டது. பள்ளிக்கூட வாத்தியாரான என் கணவர் வீட்டில் வத்தக்குழம்பு வைத்துவிட்டுக் காத்திருந்தார். நான் கடையில். மதியம் ஒரு தடவை மின்சாரம் போய் வந்தது, புரோகிராம் படுத்துவிட்டது.

சரி, வழக்கம்தானே என்று கட்டளையை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரிகள் போயின. ஒன்று மட்டும் போகவில்லை. அது நாலாம் நம்பர் கம்ப்யூட்டரின் முகவரி.

நம்பினால் நம்புங்கள், நாலாம் நம்பரில் கம்ப்யூட்டரே கிடையாது. நித்யா விடுமுறைக்கு வந்தால் உட்காருகிற இடம் அது. போன தடவை வந்தபோது, புராஜெக்ட் செய்ய வேண்டும் என்று அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். தடுப்புக்குள் ஒரு நாற்காலியும், இந்த முனையில் எதிலும் செருகாத ஒரு ஒயரும்தான் கிடந்தன. எழுந்து போய்ப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தன. அந்த ஒயரையும் மறுமுனையில் பிடுங்கிப் போட்டேன். வந்து அடித்தால் வரி அங்கேயே நிற்கிறது.

வெளியே ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். ஒரு ஜெர்மன்காரி பத்து தடவை கடிகாரத்தைப் பார்த்தாள். எங்கள் மெஷின்களைப் பழுது பார்க்கிற பாபுவைக் கூப்பிட்டு அனுப்பினேன். வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு வந்தான்.

"இன்னாக்கா, கம்ப்யூட்டரும் கிரிவலம் கிளம்பிடுச்சா? லிங்கத்துக்கு லிங்கம் நின்னு நின்னுதான் வருமா?"

"வாய மூடிட்டுப் பாருடா. எனக்கு இருக்கிற எரிச்சலுக்கு உன்னைத்தான் கடிப்பேன்."

பார்த்தான். மெஷினை நிறுத்தித் தொடங்கலாம், அப்போது நினைவே மொத்தமாகத் துடைத்துப் போய்விடும் என்றான். அது எனக்கும் தெரியும். நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கி, மறுபடி போட்டோம். திரையில் எழுத்துகள் ஓடி முடிந்ததும் கட்டளையை அடித்தேன். ஒரே ஒரு வரி. நாலாம் நம்பர். டைம் வெயிட். பாபு கொறிப்பதை நிறுத்திவிட்டான்.

அந்த நேரத்தில்தான் எதிர் டீக்கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"வாத்தியாரம்மா, உங்க பொண்ணு இன்னைக்குத்தானே வரா? கீழ்பென்னாத்தூர் தாண்டி மெட்ராஸ் பஸ் ஒண்ணு புளியமரத்துல மோதிக்கிச்சாம். எந்த பஸ்ஸுன்னு தெரியல. பயப்படாதீங்க, சும்மா சொன்னேன்."

சும்மா சொல்கிற விஷயமா இது? ஹாஸ்டலுக்குப் போன் போட்டேன். விடியும்போதே கிளம்பிவிட்டாள் என்றார்கள். அப்படியானால் எப்போதோ வந்திருக்க வேண்டும். அவளிடம் கைபேசி கிடையாது, அப்போது யாரிடம் இருந்தது? வீட்டுக்குப் போன் போட்டேன். அவர்தான் எடுத்தார். "நான் போய்ப் பாக்கறேன். நீ போன் பக்கத்துலயே இரு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

போன் பக்கத்திலேயே இரு. கடைக்கு இருந்ததே ஒரு போன் லைன். அதில்தான் இன்டர்நெட்டும். நெட் ஓடினால் போன் வராது. மின்சாரம் போனதில் நெட் அறுந்திருந்தது; மறுபடி போடாமல் மோடத்தையே அணைத்துவிட்டு, எல்லோரையும் போகச் சொன்னேன். ஒருவன் மேஜையில் தட்டினான். நாளைக்கு விமானம், டிக்கெட் மெயில் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கெஞ்சினார். நான் யாருக்கும் காரணம் சொல்லவில்லை, சொன்னால் வாயில் வந்துவிடும் என்று பயம். கதவைச் சாத்திவிட்டுப் போனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடிக்கவில்லை. வரி போகவில்லை. ஒன்றை எடுக்க முடியவில்லை, ஒன்றை அழிக்க முடியவில்லை. இரண்டையும் தூக்கி ரோட்டில் எறியலாம் போலிருந்தது.

பாபு இன்னும் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். டீக்கடைக்காரர் சொன்னது அவன் காதில் சரியாக விழவில்லை என்று நினைக்கிறேன்.

"அக்கா, ஒரு வழி இருக்கு. நாலாம் நம்பர் சும்மாதானே கிடக்குது? அந்த நம்பரை வேற பொட்டிக்குக் குடுத்துடலாம். புதுசா ஒண்ணு வந்து உக்காந்தா பழசு தானா கழண்டுக்கும்."

"வேணாம்."

"ஏங்க்கா? கடைய மூடிட்டு எவ்ளோ நேரம் இருப்பீங்க?"

"வேணாம்னு சொல்றேன் இல்ல."

"நல்லா இருக்கே. ஆளில்லாத இடத்த அப்படியே வெச்சிருக்க, இது இன்னா காரியம் முடியாத வீடா?"

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், காரியம் முடிகிறவரை அவர் படுத்திருந்த இடத்தில் விளக்கு வைத்து, வேறு யாரும் அங்கே படுக்காமல் விட்டு வைப்போம். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். நான் அவனை என்ன சொல்லித் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. அவன் முகம் வெளுத்துப்போய் வெளியே போனான். போனவன் டீக்கடையில் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வாசல் படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

நான் தனியாக இருந்தேன். பகல் வெளிச்சம் நன்றாக இருந்தது, வெளியே ஜனங்கள் போகிற சத்தம், ஊதுவத்தி விற்கிறவன் குரல், எல்லாம் கேட்டது. நான் எந்த மயக்கத்திலும் இல்லை. நித்யா சொன்னதுதான் நினைவில் ஓடியது. திரும்பக் கேட்டால் பதில் சொல்ல ஒருத்தர் இருக்க வேண்டும். அதன் பிறகு நான் அந்த வரியை விரட்டப் பார்க்கவில்லை. போய்விடாதே என்றுகூட நினைத்தேன். அடிக்கும் ஒவ்வொரு முறையும் அது இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

போன் அடித்தது. என் கணவர். கீழ்பென்னாத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து. லைன் கரகரவென்று இரைந்தது. "பாப்பா இங்கதான் இருக்கா. தலையில அடி..." என்றார். பிறகு இரைச்சல்தான். அவர் பேசுவது எங்கோ தூரத்தில் கேட்டது. அதன் மேலே, மிகப் பக்கத்தில், நித்யாவின் குரல். தூங்கி எழுந்தவள் குரல்.

"அம்மா, என் இடத்தை யாருக்கும் குடுத்துடலையே?"

"இல்லடி கண்ணு, யாருக்கும் குடுக்கல" என்றேன்.

"சரிம்மா" என்றாள். லைன் அறுந்துவிட்டது.

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. பிறகு திரையைப் பார்த்தேன். கட்டளையை அடித்தேன். ஒரு வரியும் இல்லை. புரோகிராம் ஒரே அடியில் எழுந்துகொண்டது.

நித்யா பிழைத்துக்கொண்டாள். தலையில் தையல், ஒரு கை முறிவு. தேறிய பிறகு அந்த வரியைப் பற்றி அவளிடம் சொன்னேன். மெஷினை நிறுத்தித் தொடங்கிய பிறகு அது இருக்கவே முடியாதும்மா, நீ பழைய திரையைப் பார்த்திருப்பாய் என்றாள். அவள் படித்தவள், அப்படித்தான் சொல்வாள். ஹாஸ்டலில் அந்தப் பெட்டி அணைத்துத்தான் கிடந்ததாம். பாபுவும் பார்த்தானே என்றேன். பாபு பேச்சை எடுத்தாலே அவள் சிரிப்பாள். நானும் விட்டுவிட்டேன். இன்று அவளுக்குக் குடும்பம் இருக்கிறது, வெளிநாட்டில் வேலை.

ஆனால் ஒன்றை அவளிடம் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து, ஒரு சாயங்காலம், என் கணவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்: அன்றைக்கு அவளை எப்படி போன் வரைக்கும் கூட்டி வந்தீர்கள், தலையில் அடிபட்ட பிள்ளையை?

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"போனு டாக்டர் ரூம்ல. அவ வார்டுல நெனவில்லாம கிடந்தா. அவ எங்க பேசினா? 'இன்னும் கண்ணு முழிக்கல, வேலூருக்குக் கொண்டு போவச் சொல்றாங்க'ன்னு உங்கிட்ட சொல்லிட்டு இருந்தேன். நீ நடுவுல பூந்து, இல்லடி கண்ணு, யாருக்கும் குடுக்கலன்னியே. இவளுக்கும் புத்தி கலங்கிடுச்சுன்னுதான் போனை வெச்சேன். வெச்சுட்டு வார்டுக்குப் போனா, அவ கண்ணைத் தொறந்து பாத்துட்டு இருக்கா."

என் பதில் அவருக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது. கேள்விதான் கேட்கவில்லை.