பாதிப் படியில் உட்காருவது

ஈப்போவில் எனக்கிருக்கும் ஒரே சொத்து நான்காவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் இல்லாத ஃபிளாட். மின்னணுத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று மாறி மாறி உழைத்து வாங்கியது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்புக் குன்று முகத்துக்கு நேரே நிற்கும். என் வீட்டை யாராவது குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஏறிப்போக என் கால்களே மறுக்க ஆரம்பித்தன.

உடம்பு முழுக்க வலி. எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டால், வலிக்காத இடம் எது என்று நான் யோசிக்க வேண்டியிருந்தது. தூங்கி எழுந்தால் தூங்கியதற்கே ஓய்வு வேண்டும் போல அசதி. ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். சொந்தக்காரர்கள் கண் பட்டுவிட்டது என்றார்கள். கடைசியில் ஒரு டாக்டர் ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னபோது, பரிசு விழுந்த மாதிரி சந்தோஷப்பட்டேன். பெயர் கிடைத்ததே தவிர வலி போகவில்லை. வலிக்குப் பயந்து படுத்தே கிடந்ததில் எடை ஏறியது. அந்த எடையையும் சுமந்துகொண்டு மாடி ஏறுவதற்குள் கண்ணைக் கட்டியது.

அக்கா சுங்கை சிப்புட்டில் இருக்கிறாள். எங்கள் பழைய ரப்பர் தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடாக மாறியபின், அதன் ஓரத்தில் தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்த வீடு. அத்தான் இறந்துவிட்டார், பிள்ளைகள் சிங்கப்பூரில். போன் போட்டாலே ஒரே பாட்டு.

"பேசாம இங்க வந்துருடி. கீழ்வீடு, படியே கெடையாது. அந்த மாடிய வாடகைக்கு விட்டுரலாம்லா."

அக்காவைப் பிடிக்கும். அவளுடைய அதிகாரத்தைப் பிடிக்காது. "தீபாவளி வரைக்கும் பாரு. நானா ஏறி எறங்க முடியலன்னா வந்துர்றேன்" என்று ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவள் உடனே எனக்காக ஓர் அறையைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டாள்.

மறுநாளே போலோ திடலுக்கு நடக்கப் போனேன். அங்கே காலையில் நம் பெண்கள் கூட்டமாக, வேகமாக நடப்பார்கள். முடிந்ததும் அதே வேகத்தில் கடைக்குப் போய் நெய்யில் சுட்ட பரோட்டா மாதிரி ரொட்டி சானாய், நுரைக்க ஆற்றிய தே தாரேக் தேத்தண்ணி என்று பசியாறுவார்கள். நடந்து கரைத்ததைவிட உட்கார்ந்து ஏற்றியது அதிகம். நானும் அவர்களோடு போய் இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன். உடம்பு லேசாக இருந்த ஒரு நாளில் திடலை முழுதாகச் சுற்றி, போதாதென்று இன்னொரு சுற்றும் போனேன். அதன்பிறகு அந்த வாரம் முழுக்கப் படுக்கைதான். இரண்டாவது மாடி மலாய் அக்கா கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்.

எழுந்ததும் என்ன செய்தேன்? மறுபடியும் அதையே செய்தேன். மறுபடியும் விழுந்தேன். அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லோரும் பால் மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்கள். ஆளுக்கு ஒரு நிரை. அந்த வரிசை மரங்களை வெட்டி முடிக்காமல் யாரும் வீடு திரும்ப மாட்டார்கள். நிரையைப் பாதியில் போட்டுவிட்டு ஒருத்தி வந்தாள் என்றால், பாம்பு கடித்திருக்க வேண்டும் அல்லது பிள்ளைவலி கண்டிருக்க வேண்டும். அக்கா காய்ச்சலோடு வெட்டி முடித்து வந்திருக்கிறாள். நான் தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ காலம் ஆகியும் அந்தப் புத்தி மட்டும் என்னை விடவில்லை. திடலும் எனக்கு ஒரு நிரைதான்.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண்ணிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "இன்னும் நடக்க முடியும்னு தோணுது பாருங்க, அப்பவே நிறுத்திருங்க ஆண்ட்டி" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. சோம்பேறிக்குச் சொல்கிற வைத்தியம் இது என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஆனால் தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது, வேறு வழியும் தெரியவில்லை.

பக்கத்துப் பெஞ்சு வரை நடப்பேன், உட்காருவேன், திரும்பிவிடுவேன். கால் இன்னும் போகலாம் என்று கெஞ்சும். முதலில் வெட்கமாக இருந்தது. போன் வந்த மாதிரி நடித்துக்கொண்டு உட்காருவேன். மாடிப்படியிலும் அப்படியே. இரண்டாவது மாடித் திருப்பத்தில் படியிலேயே உட்காருவேன். மலாய் அக்கா கதவைத் திறந்து, "பெலான்-பெலான் லா" என்பார், மெதுவாகப் போ என்று. சில நாள் அவரும் பக்கத்தில் உட்கார்ந்து மருமகளைப் பற்றிக் குறை சொல்வார். அதைக் கேட்பதற்காகவே சீக்கிரம் படியேற ஆசை வந்தது.

ரொட்டி சானாயை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று ஒதுக்கினேன். தேத்தண்ணியில் சீனியைக் குறைத்தேன். அந்தத் துக்கம் மட்டும் இன்னும் ஆறவில்லை. எடை ஒன்றும் பிரமாதமாக இறங்கிவிடவில்லை. ஆனால் அலமாரியில் கிடந்த பழைய ரவிக்கையின் கொக்கிகள் எல்லாம் மாட்டின. வலி இருந்தது, நானும் இருந்தேன். வாரம் முழுக்க விழுந்து கிடக்கிற நாட்கள் மட்டும் இல்லாமல் போயின.

தீபாவளிக்கு முதல் நாள் அக்கா வந்தாள். என்னை அழைத்துப்போகத்தான். சிவப்பு மூடி பாட்டில்களில் முறுக்கும் நெய் உருண்டையும் நிறைந்த இரண்டு பைகள். நான் கீழே இறங்கிப் போய் நின்றேன். ஒரு பையைப் பிடுங்கிக்கொண்டு, "வா, ஏறலாம்" என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே கெத்து.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் வழக்கம்போல உட்கார்ந்தேன். அக்கா கம்பியைப் பிடித்தபடி நின்றாள். முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. சேலைக்குள் முழங்கால் நடுங்குவது எனக்குத் தெரிந்தது.

"உட்காருக்கா."

"பாதியிலயா? ஏறிட்டு உட்காந்துக்கலாம்."

"முடியாதுக்கா. உட்காரு."

கையைப் பிடித்து இழுத்தேன். உட்காரும்போது அவள் போட்ட முனகலை நான் அதுவரை கேட்டதே இல்லை. இரண்டு கையாலும் முட்டிகளைத் தேய்த்துக்கொண்டாள்.

"முட்டி ரெண்டும் போயிருச்சுடி. ரொம்ப நாளாச்சு. செவத்தப் பிடிச்சிக்கிட்டுத்தான் அடுப்படிக்கே போறேன்."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா எனக்காகப் பாவம் பாத்து வருவ. ஒன் உடம்புக்காக வந்த மாதிரி இருக்கட்டும்னு பாத்தேன்."

அவளை ஜெயிக்க வேண்டும் என்றுதான் நான் இத்தனை மாதம் நடந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "எந்திரி, யாராச்சும் பாத்தா சண்டைனு நெனைப்பாங்க" என்றாள்.

"வீட்ட விட மாட்டேன்க்கா. ஆனா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வாரேன். திங்கக்கெழம திரும்பிருவேன்."

"நெசமா வருவியா?"

"வருவேன். நாமளே மெதுவா நடக்கலாம், ரெண்டு பேரும்."

அக்கா தலையாட்டினாள். நான் பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"இருடி. இன்னும் கொஞ்சம் உட்காந்துட்டுப் போலாம்."