நாத்தனார் ராணி

மதியம் சாப்பாடு முடிந்ததும் டி.டி.பி. கடையின் ஷட்டர் பாதி இறங்கிவிடும். உள்ளே கடைக்காரம்மா கம்ப்யூட்டரோடு தனியாகப் பேசுகிறார் என்பது எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் கிளப்பிய வதந்தி. போட்டிக்காரர் பேச்சில் பாதியைத் தள்ளிவிடலாம். எந்தப் பாதி என்று பார்க்கக் குனிந்து நுழைந்தேன்.

பேசிக்கொண்டுதான் இருந்தார். திரையில் நத்தையாய் ஊர்ந்த பச்சைக் கோட்டைப் பார்த்து, "மெதுவாப் போடா, உள்ள ராணி இருக்கா" என்றார். பக்கத்தில் சர்வீஸ்காரர் நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

கதை இதுதான். புது பிரிண்டர் வந்தபோது கம்ப்யூட்டருக்குள் இருந்த பழைய சிஸ்டம் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பழசை அழித்துப் புது சிஸ்டம் போட்டுவிடலாம் என்றார் சர்வீஸ்காரர். "புது சோஃபா வந்தா மாமியாரை வெளிய அனுப்பிடுவியா?" என்று மடக்கி, டிஸ்க்கை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டையும் வைக்கச் சொன்னார் கடைக்காரம்மா. பெரும்பங்கு பழசுக்கு. சம்பாதித்துப் போடும் புதுசுக்கு ஒண்டுக்குடித்தனம். அது தினமும் "இடமில்லை" என்று மூக்கைச் சிந்தும். இவர் யாருடைய விசிட்டிங் கார்டையாவது அழித்துச் சமாதானப்படுத்துவார்.

பெரிய வீட்டில் குடியிருப்பது ஒரே ஒரு செஸ் ஆட்டம். நாத்தனாரோடு சேர்ந்து கடை தொடங்கிய நாட்களில், வேலையற்ற மதியங்களில் இருவரும் மாறி மாறி ஆடியது. பழசில் மட்டுமே திறக்கும். கடைசி ஆட்டத்தின் நடுவே நாத்தனார் கணவருக்கு மாற்றலாகிவிட்டது. "நான் வர்ற வரைக்கும் காயைத் தொட்டீங்க, தெரியும் சேதி!" என்று மிரட்டிவிட்டுப் போனவர், இன்றும் போனில் முதலில் கேட்பது, "அண்ணி, என் ராணி உயிரோட இருக்காளா?"

"இருக்காடி. தப்பிக்கத்தான் வழியில்ல."

இன்று பழசிலிருந்து கொஞ்சம் கிள்ளிப் புதுசுக்குக் கொடுக்கிறார்கள். "ஏதாவது ஒண்ணு போனாலும் போகலாம்க்கா, அப்புறம் என்னைத் திட்டக்கூடாது" என்றார் சர்வீஸ்காரர்.

"புதுசு போனா திட்ட மாட்டேன்."

பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வைக்கலாமே என்று நான் மூக்கை நுழைத்தேன்.

"நகல்ல ஜெயிச்சா அவ ஒத்துக்க மாட்டா சார்."

கோடு முடிந்தது. திரை இருண்டு, இரண்டு வரிகள் வந்தன. மேலே புதுசு, கீழே பழசு. குறி தேய்ந்துபோன கீழ் அம்பு விசையை அழுத்தி, என்டரைத் தட்டினார். பழைய நீலம் விரிந்தது. பிறகு கட்டங்கள். மூலையில், ஒரு குதிரைக்கும் ஒரு யானைக்கும் நடுவே, கறுப்பு ராணி.

நிம்மதியில் நான் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனேன்.

"அதுல வேணாம் சார். அவ இன்னும் காயை நகர்த்தல" என்றவர், முந்தானையால் இருக்கையைத் துடைத்து, அதைக் கீபோர்டுக்கு நேராக இழுத்துப் போட்டார்.